குவாங்சோ போய் வந்த பை

சைனாவுக்கே கூட்டிட்டுப் போயிருக்கான், இதுக்கு மேல ஒரு பொம்பளைக்கு என்ன வேணும்னு கேட்டீங்களே மாமா. இப்பத்தான், படியில, ரெண்டாம் மாடிக்காரர்கிட்ட. ஒட்டுக் கேக்கல. இந்தப் படிக்கட்டுல யாரு என்ன பேசினாலும் நாலாம் மாடிக்கு வந்துரும். மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னீங்க. ஒக்காருங்க. அதுல வேணாம், அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும்.

உம்மா டீ போடுறாக. வேணாங்காதீங்க. அடுப்படியில ஏதாவது வேலை இருந்தாத்தான் இங்க வந்து நின்னு அழ மாட்டாக. நான் பெயில்ல வந்ததுலேர்ந்து அப்படித்தான். என்னையப் பாத்தா அழுகை, பாக்காட்டியும் அழுகை.

பேப்பர் கொண்டாந்திருக்கீங்கள்ல. சட்டைப் பையில முனை தெரியுது. குடுங்க. எங்க கையெழுத்துப் போடணும்னு நீங்க விரல் வச்சுக் காட்ட வேணாம் மாமா, எனக்கு வாசிக்க வரும். ரங்கூன் காலேஜுல நான் பாட்டனி படிச்சது பர்மாப் பாஷையிலதான். ம். பை என்னுது. உள்ள இருந்த செல்போன் முப்பத்தாறும் என்னுது. நானே வாங்கி, நானே அடுக்கி, வரி கட்டாம கொண்டாந்தேன். என் புருஷன் தவ்ஹீதுக்கு இதுல ஒண்ணும் தெரியாது, அவுக தனியா வந்தாக. அவ்வளவுதானே? நான் இதுல கையெழுத்துப் போட்டா வியாழக்கிழமை கோர்ட்டுல கேஸ் என் தலையோட முடிஞ்சுரும். ஒங்க கூடப் பொறந்தவ மகன், ஒங்க மருமகன், இன்சீன் பக்கம் அந்த ரயில் வொர்க்‌ஷாப்புக்குப் பின்னால ஒளிஞ்சிருக்க வீட்டுலேர்ந்து வெளிய வந்து, கடையத் தொறந்து, டீ குடிக்கலாம். சரியாத்தானே வாசிச்சேன்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? இந்தப் புள்ளைக்கு இவ்வளவு பேச்சு வருமான்னா? கல்யாணமாகி இந்த ஒண்ணேகால் வருஷத்துல நான் ஒங்ககிட்ட ஸலாம் மட்டும்தான் சொல்லியிருக்கேன், அதுவும் கதவுக்குப் பின்னால நின்னு. புள்ளை ஊமையான்னு நீங்க மாமிகிட்ட கேட்டதும் எனக்குக் கேட்டுச்சு. பேசாம இருக்கறவளுக்குக் காது நல்லா கேக்கும் மாமா. கண்ணும் நல்லாத் தெரியும்.

சைனா சைனாங்கிறீங்க. சரி, சைனாவச் சொல்றேன். நீங்க கேட்டதே இல்லையே.

இந்த ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க. எதிர்த்தாப்ல கெஸ்ட் அவுஸ் தெரியுதா? காலேஜ் படிக்கும்போதுலேர்ந்து எனக்கு இந்த ஜன்னல்தான் பொழுதுபோக்கு. வெளிநாட்டுப் புள்ளைக ஜோடி ஜோடியா வந்து எறங்கும். முதுகுல பெரிய பை, கையில மேப். அதுக பெரிய அழகு ஒண்ணும் இல்ல, வேர்த்து வழிஞ்சு, மூஞ்சி எல்லாம் செவந்துபோய்த்தான் வரும். ஒருநாள் ஒரு ஜோடி நடு ரோட்டுல சண்டை போட்டுச்சு. அவ கோவிச்சுக்கிட்டுப் பையக் கீழ போட்டு அது மேலயே ஒக்காந்துட்டா. அவன் போயிருவான்னு நெனச்சேன். போகல. அவனும் தன் பையப் போட்டு எதிர்ல ஒக்காந்துட்டான். மாட்டு வண்டி மாதிரி மெதுவா ஒரு சைக்கா ரிக்ஷா சுத்திக்கிட்டுப் போச்சு, திட்டிக்கிட்டே. ரெண்டும் அசையல. அப்புறம் எதுக்கோ சிரிச்சிருச்சுக.

கல்யாணத்துக்கப்புறம் இங்க வந்திருந்தப்ப நான் ஜன்னல்ல நிக்கிறத ஒங்க மருமகன் பாத்துட்டாக. என்ன, ஒனக்கும் அப்படிப் போகணுமான்னு கேட்டாக. சொல்லலைன்னாலும் என் மூஞ்சியில தெரிஞ்சிருக்கும்போல.

ஒரு மாசம் கழிச்சு ரெண்டு பை வாங்கியாந்தாக. முதுகுல மாட்டுற பை, இடுப்புக்கு ஒரு பட்டை, நெஞ்சுக்கு ஒரு பட்டை. சின்னது அவுகளுக்கு, பெருசு எனக்கு. கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான்னு நெனச்சேன் மாமா. அவ்வளவு பைத்தியம் நான். ஹஜ் பெருநாள் கழிஞ்சு போறோம், குவாங்சோ, ஒரு வாரம், வெள்ளைக்காரங்க மாதிரி ஊரச் சுத்திப் பாக்குறோம்னாக. உம்மா தெருவெல்லாம் சொன்னாக. தெருமுனையில மொஹிங்கா நூடுல்ஸ் விக்கிறவகிட்டகூட. நர்கிஸ் புயல்ல கூரை போயி, கடன வாங்கி மகளக் கட்டிக் குடுத்தேன், அவ பாருங்க பிளேன்ல போறான்னு.

எனக்கு பாஸ்போர்ட் எடுக்க எத்தனை பேரப் பாத்தீங்க, எத்தனை நாள் அலைஞ்சீங்கன்னு மாமி சொன்னாக. அப்ப நான் நெனச்சேன், மாமா நல்ல மனுஷர்னு.

ஊரு எப்படியா? பெரிய ஊரு. ரோட்டுக்கு மேல ரோடு, அதுக்கு மேல இன்னொரு ரோடு. முப்பதாவது மாடியில ஒருத்தி மூங்கில்ல துணி காயப் போடுவா, அது கீழ நிக்கிற எனக்குத் தெரியும். காலையில பார்க்ல கெழவனும் கெழவியும் பாட்டுப் போட்டு ஆடுவாக. ஒரு கெழவருக்குக் கால் தப்பிப் போச்சு, பொண்டாட்டி நல்லா வஞ்சா, வஞ்சுக்கிட்டே விடாம ஆடினா. இதெல்லாம் நான் நின்னு பாத்ததில்ல. பின்னால ஓடிக்கிட்டே பாத்தது.

ஆமா, ஓடிக்கிட்டேதான். ஒங்க மருமகன் அங்கயும் இங்க நம்ம பபேடான் தெருவுல நடக்குற மாதிரியே நடந்தாக. நம்ம ஆம்பளைங்க அஞ்சடி முன்னால போவீக, நாங்க பின்னால வருவோம், நீங்க திரும்பிப் பாக்க மாட்டீக. இங்க அதுல ஒண்ணுமில்ல. அவுக எந்தச் சந்துல திரும்புவாகன்னு எனக்குத் தெரியும். தவறிப் போனாலும், நீ நூர் பீவி மகள்தானேன்னு கேட்டு யாராவது கொண்டாந்து வீட்டுல விட்டுருவாக. அங்க யாரு மாமா என்னைய நூர் பீவி மகளான்னு கேப்பா?

மூணாம் நாளு, தரைக்கு அடியில ரயில் போகுதுல்ல, அதுல ஏறப் போனோம். அவுக ஏறிட்டாக. நான் கூட்டத்துக்குள்ள முதுகுல அந்தப் பையோட ஒரு எட்டு வைக்கிறதுக்குள்ள கதவு மூடிருச்சு. கண்ணாடி வழியா அவுக முதுகு தெரிஞ்சுது. ரயில் போயிருச்சு. முதுகுதான் மாமா தெரிஞ்சுது. திரும்பவே இல்ல.

என் பாஸ்போர்ட் அவுக இடுப்புப் பையில. தங்கியிருந்த எடத்துப் பேரு எனக்குத் தெரியாது, சைனா எழுத்துல எழுதியிருக்கும். கையில ஒத்தக் காசு இல்ல. ஆனா வந்துருவாக, அடுத்த ஸ்டேஷன்ல எறங்கித் திரும்பி வர அஞ்சு நிமிஷம்னு நெனச்சு அங்கயே இருந்த பெஞ்சுல ஒக்காந்தேன். பைய மடியில வச்சுக்கிட்டு.

அங்க தரை தொடைக்கிற ஒரு பொம்பளை. என் காலச் சுத்தி ஒரு தடவ தொடச்சுட்டுப் போனா. மறுபடி வந்து தொடச்சா. மூணாம் தடவ வந்தப்ப ஏதோ கேட்டா. எனக்குப் புரியல, நான் ரயில் போன பக்கம் கையக் காட்டினேன். அவளும் அந்தப் பக்கம் பாத்தா. அப்புறம் போயி, ஜாம் பாட்டில்ல சுடுதண்ணி கொண்டாந்து என் கையில குடுத்துட்டுப் போயிட்டா. வெறும் சுடுதண்ணி. பாட்டில் ஆறுற வரைக்கும் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்.

லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால ஒக்காந்தேன். அஸர் போயே போச்சு, அவுக வரும்போது. நாலு மணி நேரம். கூட்டத்துக்குள்ள இருந்து வந்தாக, பதட்டமெல்லாம் இல்ல. என்னைய மேலயும் கீழயும் பாத்தாக. என்ன கேட்டாக தெரியுமா? பை பத்திரமா இருக்கான்னு கேட்டாக.

இல்ல மாமா, தேடலயாம். தேடியிருந்தா ஹோல்சேல் கடை மூடிருவானாம். நீ எங்க போயிரப் போற, அங்கயேதான் இருப்பன்னு தெரியும்னாக. அதுல தப்பில்ல, நான் அங்கயேதான் இருந்தேன்.

அப்பகூட எனக்குப் புத்தி வரல. பாவம், கடைக்கு ரெண்டு சாமான் பாத்துட்டுப் போவோம்னு நெனச்சிருப்பாகன்னு எடுத்துக்கிட்டேன். வியாபாரக் குடும்பந்தானே நாம. மறுநாளு, அதுக்கு மறுநாளு, எல்லாம் செல்போன் கடைதான். பத்து மாடி, மாடிக்கு நூறு கடை. நான் வாசல்ல பையோட நிப்பேன், அவுக உள்ள போயிட்டு வந்து பையத் தொறந்து ஏதோ வச்சு மூடுவாக. என்னன்னு கேட்டா, டப்பா, சும்மா டப்பான்னு சொன்னாக. இந்த ஊர்ல ஒரு பெரிய ஆறு இருக்காமே, சாயங்காலம் வெளக்குப் போட்ட படகெல்லாம் போகுமாமே, அத மட்டும் பாப்போமான்னு கேட்டேன். நானா ஒரு எடத்தப் பாக்கணும்னு கேட்டது அது ஒண்ணுதான். ஏன், ரங்கூன்ல ஆறு இல்லையா, ஊருக்குப் போனதும் அலோன் ஜெட்டியில போயி நின்னு நல்லா பாருன்னாக. தங்கியிருந்த எடத்துல ஆப்பிரிக்காக்காரரு ஒருத்தர் பக்கத்துல நின்னாரு. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனா அவருக்கே சங்கடமாப் போச்சு, தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

போட்டோவா? நீங்களே கேக்குறீங்க. எடுத்தாக. பதினாலு போட்டோ. உயரமான கட்டடத்துக்கு முன்னால நானும் பையும், பாலத்துல நானும் பையும், பார்க்ல நானும் பையும். சிரி சிரின்னு சொல்லிச் சொல்லி எடுத்தாக. எனக்கு வெக்கம், ஆனாலும் சிரிச்சேன். நீங்களும் நில்லுங்க, அந்தச் சீனாக்காரப் பையன்கிட்ட கேமராவக் குடுத்து ஜோடியா எடுக்கச் சொல்லுவோம்னேன். எனக்கு எதுக்குடி போட்டோன்னுட்டாக. போன வாரம் என் கேசப் பாக்குற வக்கீலம்மா அந்தப் போட்டோவெல்லாம் வரிசையா மேசையில வச்சுட்டு என்னைய நிமிந்து பாத்தாக. ஒத்தையில சைனாவச் சுத்திட்டு வந்தவ மாதிரி இருக்கு. ஒண்ணுலயாவது அவுக கையோ, நெழலோ விழுந்திருக்கான்னு வக்கீலம்மா தேடினாக. இல்ல.

இதையும் நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா மாமா? சும்மாதான் கேக்குறேன்.

கிளம்புற அன்னைக்குக் காலையிலதான் எனக்கு எல்லாம் வெளங்குச்சு. ரெண்டு பையிலயும் இருந்ததையெல்லாம் கட்டில்ல கொட்டுனாக. என் துணியெல்லாம் எடுத்து அவுக பையில வச்சாக. எல்லா செல்போனும் என் பையில. சும்மா வைக்கல, டப்பாவையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு, ஒவ்வொண்ணையும் என் உள்பாவாடையில சுத்தி, என் மாசாமாசம் வைக்கிற துணிக்குள்ள வச்சு, அடியில அடுக்குனாக. ஆம்பளை ஆபீசர் அதத் தொட மாட்டான்னாக. நான் சொவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டேன். நீங்களும் இப்ப சொவத்தத்தான் பாக்குறீங்க.

அப்புறம் எனக்குப் பாடம் எடுத்தாக. ரெண்டு பேரும் தனித்தனி வரிசை. பிளேன்லேர்ந்து எறங்கினதும் என் பக்கம் பாக்காத. நடந்துக்கிட்டே இரு. அப்புறம் ஒண்ணு சொன்னாக. அத அப்படியே சொல்றேன் மாமா, ஒரு எழுத்தும் மாத்தாம. பிடிச்சுக் கேட்டா என் பேரச் சொல்லாத, நீ யாரோ நான் யாரோ.

நான் கேட்டேன், அப்ப நான் யாருன்னு. சிரிச்சாக. குருவின்னாக. காசு வாங்கிக்கிட்டு அடுத்தவன் சாமானத் தூக்கிட்டுப் போறவங்களுக்கு ஒங்க கடையில அதுதான் பேராமே. மாமா கடைக்கு வர்ற குருவிங்க எல்லாரும் இப்படித்தான், மொதலாளியும் குருவியும் ஏர்போர்ட்டுல ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கக் கூடாது, அதுதான் தொழில்னாக. பொம்பளையப் பிடிச்சா ரெண்டு ஏச்சு ஏசி விட்டுருவான், மாமாவே சொல்லியிருக்காகன்னாக.

நீங்க சொன்னீங்களா, இல்லையா? சரி, அது கெடக்கட்டும்.

அந்தக் குருவிங்களுக்கெல்லாம் ஒண்ணு தெரியும் மாமா. நாம குருவின்னு தெரியும். தெரிஞ்சு, வேணுமா வேணாமான்னு அவங்களே முடிவு பண்ணித் தூக்குறாங்க. எனக்குப் பை வாங்கி மாட்டி, சுற்றுலான்னு பேரு வச்சு, என் ஜன்னலக் காட்டியே என்னையக் கூட்டிட்டுப் போனீங்க. ஜோடியாப் பை மாட்டிட்டு வந்தா டூரிஸ்ட்டுன்னு விட்டுருவாங்க, கட்டின பொண்டாட்டின்னா வெளிய வாயத் தொறக்க மாட்டா. நல்ல யோசனைதான். யாரு யோசனைன்னு வியாழக்கிழமை ஜட்ஜு கேப்பாரு.

ஒக்காருங்க. சத்தம் போடாதீங்க, உம்மா பயந்துரும். குடும்ப மானம்னா என்னன்னு எனக்கும் தெரியும். பதினோரு நாள் உள்ள இருந்தேன். பதினோரு நாளும் உம்மா ரெண்டு பஸ் மாறிச் சோறு கொண்டாந்தாக. ஒங்க வீட்டுலேர்ந்து யாரு வந்தா? ஒங்க மருமகன் வந்தா போலீஸ்காரன் பிடிச்சுருவான், சரி. நீங்க வந்திருக்கலாம்ல. மாமி வந்திருக்கலாம்ல. இந்தப் பேப்பர எழுதத்தான் அத்தனை நாள் ஆச்சுபோல.

தலாக்கா? சொல்லச் சொல்லுங்க. இன்சீன்லேர்ந்து சொன்னாலும் செல்லும்தானே.

இந்தாங்க, பேப்பர். மடிச்ச மாதிரியே மடிச்சுட்டேன். கையெழுத்துக் கெடையாது மாமா. விசாரணையில இது வரைக்கும் நான் யாரு பேரையும் சொல்லல. வியாழக்கிழமை எல்லாத்தையும் சொல்லுவேன். என் பேரையும் சேத்துத்தான். நான் தூக்கிட்டு வந்தது நெசம், அதுக்கு என்ன உண்டோ அத வாங்கிக்கிறேன்.

டீ வந்துருச்சு. குடிச்சுட்டுப் போங்க, நூர் பீவி வீட்டுல டீ குடிக்காமப் போனாருன்னு பேரு வேணாம். நீங்க உள்ள போங்க உம்மா. ஒண்ணுமில்ல. பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்.

என்ன கேட்டீங்க? யாரு காட்டிக் குடுத்ததுன்னா? ஜமால் அண்ணன்தான்னு முடிவே பண்ணிட்டீங்களாமே. பக்கத்துக் கடை, பொறாமை, ஏர்போர்ட்டுக்கு அவருதான் போன் பண்ணியிருப்பாருன்னு. பள்ளிவாசல்ல அவரு ஸலாம் சொன்னா பதில் சொல்லக் கூடாதுன்னு நீங்க சொல்லிவச்சிருக்கீங்களாம். அவரு பொண்டாட்டி பரீதா லாத்தா இங்க வந்து அழுதுட்டுப் போனாக. அவரு புள்ளைகள மதரஸாவுல தனியா ஒக்கார வைக்கிறாங்களாம். விட்டுருங்க மாமா. அவருக்கு நாங்க சைனா போனதே தெரியாது, அவருண்டு அவரு குடை ரிப்பேர் உண்டுன்னு கெடக்குறவரு.

யாரும் போன் பண்ணல. நான் பயந்து முழிச்சு மாட்டவும் இல்ல. அதுதானே ஊரெல்லாம் சொல்றீங்க, பழகாத புள்ளை, நடுங்கியிருக்கும், அதான் பிடிச்சுட்டான்னு. அன்னைக்கு என்னைய யாரும் பிடிக்கவே இல்ல மாமா.

ஏர்போர்ட்டுல கஸ்டம்ஸ்காரரு ஒருத்தர் டீயில பலகாரத்த முக்கித் தின்னுக்கிட்டு இருந்தாரு. என்னையப் பாத்தாரு, பையப் பாத்தாரு. ஞீமான்னு, தங்கச்சின்னு கூப்பிட்டு, போ போன்னு கையக் காட்டிட்டாரு. நான் தாண்டிட்டேன்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நீங்க நின்னீங்க. ஒங்க மருமகன் அதுக்குள்ள வெளிய வந்து ஒங்க பக்கத்துல நின்னுட்டாக. நீங்க ஏதோ கேட்டீங்க. அவுக கையக்கூடத் தூக்கல, தாடையால என்னையக் காட்டினாக. நீங்க என் மூஞ்சியப் பாக்கல, பையத்தான் பாத்தீங்க. சிரிச்சீங்க. அப்புறம் ரெண்டு பேரும் திரும்பி டாக்ஸி டிக்கியத் தொறக்கப் போயிட்டீங்க.

கதவு எனக்கு முன்னால தானாத் தொறந்துச்சு. நான் திரும்பி அந்த மேசைக்குப் போனேன். அவரு வாயில பலகாரத்தோட நிமிந்து, ஒன்னையத்தான் போகச் சொல்லிட்டேனேன்னாரு. நான் பைய எறக்கி அவரு டீ கப்புக்குப் பக்கத்துல வச்சேன். அவரு தொடல. ஜிப்ப நானே இழுத்தேன்.